42 வயது, ஏஎம்ஹெச் 0.4, பீரியட்ஸ் தாறுமாறு. குழந்தைக்கு இன்னும் வழி இருக்கிறதா?

கரூர் மல்லிகை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வெளியில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் இங்கே கொட்டுகிறேன்.

எனக்கு 42 வயது. கல்யாணம் ஆனதே 39-ல்தான். அப்பா போன பிறகு தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் என்று ஒவ்வொன்றாக முடித்து நிமிர்ந்தபோது அவ்வளவு வயது ஆகியிருந்தது. அவருக்கு 45. கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அவர் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார்.

பீரியட்ஸ் வந்த நாளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழிப்பது என் பழக்கம். கல்யாணமான புதிதில் 28, 29 நாள் என்று பிசகாமல் வரும். போன வருஷக் காலண்டரை இறக்கிக் கணக்குப் போட்டேன்: 24, 41, 23, 56, 26. ஒரு மாதம் மூன்று நாளில் நின்றுவிடுகிறது, அடுத்த மாதம் ஒன்பது நாள் போகிறது. தை மாதக் குளிரில் இரவு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பின்கழுத்தும் தலையணையும் நனைந்திருக்கின்றன. 56 நாள் தள்ளிப்போனபோது வீட்டில் பார்க்கும் டெஸ்ட் அட்டை மூன்று வாங்கினேன். மூன்றிலும் ஒரே கோடு.

பீரியட்ஸ் இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில், முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் 14.8, சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏஎம்ஹெச் 0.4. இது பெரிமெனோபாஸ், மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய கட்டம் என்றார்கள். முதலில் போன இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்த கையோடு "டோனர் முட்டைக்குப் போயிடுங்க" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். டோனர் என்றால் முட்டையைத் தானமாகக் கொடுக்கும் வேறொரு பெண். இரண்டாவது இடத்தில் என் ரத்தத்திலிருந்தே பிஆர்பி என்ற தட்டணு நிறைந்த திரவத்தை எடுத்துச் சினைப்பையில் ஊசி போட்டால் சினைப்பை இளமையாகிவிடும், 60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவரைப் பற்றி இரண்டு இடத்திலும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மாமியார் என்மேல் பிரியமானவர்தான். போன வாரம் போனில் ஒரு பழைய செய்தியைக் காட்டினார். 2019-ல் குண்டூரில் 70 வயது தாண்டிய ஒரு அம்மாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்த செய்தி. "அவளுக்கே பிறந்திருக்கு, உனக்கென்னம்மா" என்றார். தைரியம் சொல்லத்தான் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தானாகக் கருத்தரிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறதா? அந்தப் பிஆர்பி ஊசியை நம்பலாமா? டோனர் முட்டை எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், அந்தக் குழந்தையைத் தன் குழந்தை என்று மனசு ஏற்றுக்கொண்டதா என்றும் சொல்லுங்கள். அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை.

மதுரை சிஸ்டர்:

தங்கச்சி, நான் மகப்பேறு வார்டிலும் குழந்தையின்மை ஓபி-யிலும் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டையோடுதான் பிறக்கிறாள். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். 37, 38-ல் 25 ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. முட்டை குறையக் குறைய மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டிக் கூட்டி அனுப்பும். அந்த வேகத்தில் முட்டை சீக்கிரமே வளர்ந்து வெடித்துவிடும். உங்கள் 23, 24 அப்படி வந்தது. சில மாதம் எவ்வளவு தூண்டினாலும் முட்டை வளராது, அப்போது 41, 56 என்று இழுக்கும். இடைவெளி 60 நாளைத் தாண்ட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம், அதற்கப்புறம் ஒன்று முதல் மூன்று வருஷத்தில் நின்றுவிடும் என்று டாக்டர்கள் கணக்கு வைப்பார்கள். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. அதனால் 42-ல் இது வருவது உங்களுக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை. நீங்கள் செய்த தப்பாலும் வரவில்லை.

ஏஎம்ஹெச் 0.4 என்றால் ஐவிஎஃப்புக்கு, அதாவது டெஸ்ட் டியூப் முறைக்கு ஊசி போட்டாலும் நிறைய முட்டை கிடைக்காது என்று அர்த்தம். இந்த மாதம் தானாகக் கரு தங்குமா தங்காதா என்பதை அந்த எண் சொல்லாது. எஃப்எஸ்ஹெச்சும் மாதத்துக்கு மாதம் மாறும், ஒரு மாத ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பீரியட்ஸ் இரண்டாம் மூன்றாம் நாளில் உள்வழி ஸ்கேன் செய்து இரண்டு சினைப்பையிலும் எத்தனை சின்ன முட்டைப் பைகள் தெரிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

வாய்ப்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது, குறைவு. 40 வயதில் ஒரு மாதத்துக்கு நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் தானாகத் தங்கும். உங்களுக்கு அதைவிடக் குறையும், ஏனென்றால் சில மாதம் முட்டையே வராது. வருகிற முட்டையும் 42 வருஷம் காத்திருந்த முட்டை. அதற்குள் இருக்கும் குரோமோசோம்கள் பிரியும்போது ஒன்று கூடவோ குறையவோ செய்துவிடுகிறது. 40-ஐத் தாண்டினால் கருச்சிதைவு கூடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். 40-ல் மூன்றில் ஒன்று, 45-க்கு மேல் பாதிக்கும் அதிகம். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 40 வயதுத் தாய்க்கு நூற்றில் ஒன்று. பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பிற்பாடு உங்களையே நொந்துகொள்ள மாட்டீர்கள்.

மெடிக்கலில் விற்கும் முட்டை வெடிக்கும் நாள் பார்க்கும் குச்சியை நம்பாதீர்கள். அது பார்ப்பது முட்டையை வெடிக்கவைக்கும் எல்ஹெச் ஹார்மோனை. இந்த வயதில் எல்ஹெச் சும்மாவே ஏறியிருக்கலாம், முட்டை வராத மாதத்திலும் கோடு காட்டலாம். முட்டை வளர்வதைச் சில நாள் விட்டு விட்டுப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்டடி ஸ்கேன்தான் சரி. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஹீமோகுளோபின் நான்கையும் பாருங்கள். ஒன்பது நாள் ரத்தப்போக்கை வயதுக்கோளாறு என்று விடக்கூடாது, கர்ப்பப்பையில் பாலிப், ஃபைப்ராய்டு போன்ற சதை வளர்ச்சி இருக்கிறதா, கர்ப்பப்பை உள்சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றைக்கே தொடங்கலாம், கரு தங்கிய பிறகு தொடங்குவது தாமதம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கு விந்தணு பரிசோதனை. மூன்று வருஷமாக நீங்கள் மட்டும் ஊசி குத்திக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை, அதைக் கேட்காமல் 60,000 ரூபாய் ஊசி. பிஆர்பி போட்டால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

திருச்சி லதா:

மல்லிகை, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். எனக்கு இப்போது 49. என் மகளுக்கு மூணு வயது. டோனர் முட்டையில் பிறந்தவள்.

43-ல் உங்கள் மாதிரியே ரிப்போர்ட், ஏஎம்ஹெச் 0.5. என் முட்டையிலேயே பார்க்கலாம் என்று பிடிவாதமாக இருந்தேன். ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஊசி டப்பா. தினமும் சாயங்காலம் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். அவர்தான் போட்டுவிடுவார். முதல் தடவை அவர் கை நடுங்கி ஊசி நுனி இரண்டு முறை பட்டது. அந்தச் சுற்றில் நான்கு முட்டை, இரண்டு கரு, ஒன்றும் தங்கவில்லை. நகையை அடகு வைத்து இரண்டாவது முறை போனோம். மூன்று முட்டை, ஒரு கரு. தங்கியது. இதயத்துடிப்பைக்கூடப் பார்த்தோம். எட்டாவது வாரம் ஸ்கேனில் டாக்டர் பேசாமல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

42 தாண்டியவர்களுக்குச் சொந்த முட்டையில் ஒரு ஐவிஎஃப் சுற்றில் குழந்தை கையில் கிடைப்பது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இளம் வயதுப் பெண்ணின் முட்டை என்றால் ஒருமுறை கருவை வைப்பதிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. கர்ப்பப்பை முட்டை அளவுக்கு மூப்படைவதில்லை, முட்டையின் வயதுதான் விஷயம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, அப்புறம் புரோஜெஸ்டிரோன் கொடுத்து உள்சுவரைத் தயார் செய்துவிடுவார்கள், பீரியட்ஸ் ஒழுங்காக வராவிட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை என் முட்டையில் முயன்றதில் எனக்கு வருத்தமில்லை. முயலாமல் இருந்திருந்தால் ராத்திரி ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது முறைக்கு நகை வைத்ததுதான் வருத்தம்.

உங்கள் மாமியார் காட்டிய குண்டூர் செய்தியும் டோனர் முட்டைதான். செய்தியின் தலைப்பில் அதைப் போடுவதில்லை, அதனால் எத்தனை மருமகள்கள் பேச்சு வாங்குகிறார்களோ. இப்போது அப்படிச் செய்யவும் முடியாது. 2021-ல் வந்த சட்டப்படி சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு 50-க்குள், ஆணுக்கு 55-க்குள் இருக்க வேண்டும். முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது. அவர் வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க முழுக்க நம் குழந்தை, கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

டோனர் முட்டைக்கான சம்மதப் படிவத்தை மேஜைமேல் வைத்தபோது நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். பதினோரு நாள் சாமி அலமாரியில் இருந்தது. என் மூக்கு, என் அம்மாவின் நெற்றி, எங்கள் குடும்பத்துச் சுருட்டை முடி எதுவும் வராதே என்று துக்கம். அது நிஜமான துக்கம், மல்லிகை. இறந்துபோன ஒருவருக்கு அழுவது போல அழுதேன். அழ வேண்டிய துக்கம்தான் அது. யாராவது "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றால் கேட்காதீர்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் மாதம், இடது பக்கம் படுத்திருந்தபோது முதல் அசைவு. கெண்டை மீன் வால் தட்டியது போல. நீங்கள் கேட்ட "என் குழந்தையா" என்ற கேள்வி அன்றைக்கே எனக்குப் போய்விட்டது. சிலருக்குப் பிறந்த பிறகு போகும், சிலருக்கு இன்னும் தாமதமாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உடனே போகவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். இன்றைக்கு விசேஷ வீடுகளில் "யார் ஜாடை?" என்று கேட்பார்கள். "அவ அப்பா ஜாடை" என்கிறேன், அது உண்மைதான். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் வளர்க்கப் போகிறேன்.

உடம்பு லேசாக இருக்கவில்லை. டோனர் முட்டைக் கர்ப்பத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுதல் என்று முன்பே எச்சரித்து, பன்னிரண்டாவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். அப்படியும் ஏழாம் மாதம் பிரஷர் ஏறியது, சர்க்கரையும் வந்தது. 37-வது வாரம் சிசேரியன், 2 கிலோ 600 கிராம். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: ஒரே ஒரு கருதான் வைக்க வேண்டும். இரட்டை என்றால் இந்த வயதில் நம் உடம்பும் தாங்காது, குழந்தைகளும் குறைமாதத்தில் பிறக்கும்.

கோவை சுமதி:

அக்கா, உங்கள் மனசு புண்படுமோ என்று தயங்கித்தான் எழுதுகிறேன். எனக்கு 44-ல் ஐந்து மாதம் பீரியட்ஸ் வரவில்லை. வியர்வை, படபடப்பு எல்லாம் இருந்ததால் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டினேன். வயிறு உப்பலுக்கு ஸ்கேன் எடுத்தால் 14 வாரம். பெரியவன் அப்போது காலேஜில். இப்போது சின்னவனுக்கு இரண்டு வயது.

எனக்கு நடந்ததால் உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை, சிஸ்டர் சொன்ன கணக்குதான் சரி. நாள் தள்ளிப்போனால் அலுத்துப்போய் டெஸ்ட் செய்யாமல் விட்டுவிடாதீர்கள் என்பதற்குத்தான் எழுதினேன். தானாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், எக்ஸ்ரே எடுக்கும் முன் ஒரு அட்டை பார்த்துவிடுங்கள். குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்தால், பன்னிரண்டு மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. 50 வயதுக்குள் நின்றவர்கள் அதற்கு மேலும் ஒரு வருஷம் பாதுகாப்பாக இருக்கச் சொல்கிறார்கள்.

சென்னை செந்தில்:

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, மன்னிக்கவும். நாங்கள் மூன்று ஐவிஎஃப்-க்குப் பிறகு தத்தெடுத்தோம். அதை யாரும் இங்கே சொல்லாததால் எழுதுகிறேன்.

மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில்தான் பதிவு. கணவன் மனைவி வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைக்குக் கூட்டு வயது 85-க்குள் இருக்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு என்றால் 90, நான்கிலிருந்து எட்டு என்றால் 100. உங்களுக்கு 42-ம் 45-ம் சேர்ந்து 87. கைக்குழந்தைக்கான எல்லை தாண்டிவிட்டது, அடுத்த பிரிவுக்குள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு இரண்டாகக் கூடும். ஐவிஎஃப் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாங்கள் விட்டதில் எங்கள் கூட்டு வயது 92 ஆகிவிட்டது. திருமணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குப் பிரச்சினை இல்லை. தத்து ஆணையை இப்போது கலெக்டரே தருகிறார், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

மகன் வரும்போது அவனுக்கு ஆறு வயது. முதல் ஒரு வாரம் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான், திரும்பவும் எங்கேயோ கூட்டிப்போவார்கள் என்று. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் செருப்பு வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் என் மனைவியும் வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரூர் மல்லிகை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறேன்.

சிஸ்டர், நீங்கள் சொன்னதெல்லாம் பார்த்தேன். தைராய்டு டெஸ்டில் டிஎஸ்ஹெச் 7.2 இருந்தது, மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. சின்ன பாலிப் ஒன்று இருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார்கள். இரண்டு சினைப்பையிலும் சேர்த்து நான்கு முட்டைப் பைகள் தெரிந்தன. அவருக்கும் பரிசோதனை செய்தோம். விந்தணுக்களின் ஓட்டம் குறைவு என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பைக்கை எடுக்காமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். "மூணு வருஷமா எல்லாரும் உன்னைத்தானே கேட்டாங்க" என்றார். அன்று சாயங்காலம் அவரே அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். மாமியார் அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் காட்டவில்லை. இரவு எனக்குப் பால் ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனோம், முக்கால் மணி நேரம் பேசினார். பாலிப் எடுத்துத் தைராய்டு சரியானதும் என் முட்டையில் ஒரே ஒரு சுற்று. கிடைக்காவிட்டால் லதா அக்கா போன வழி. லதா அக்கா, அந்தப் படிவத்தை நானும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பேனோ என்னவோ. செந்தில் அண்ணா, 87-ஐக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன், அவரும் பார்த்தார்.

ஒரு சந்தேகம் மட்டும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ஆபீசிலேயே எட்டு மணி ஆகிவிடும். அந்த ஊசியை ஆபீசுக்கு எப்படி எடுத்துப்போனீர்கள்?

திருச்சி லதா:

எடுத்துப்போகவே இல்லை மல்லிகை. முதல் ஊசி போடும் நாளிலேயே டாக்டரிடம் சொல்லி ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசிக்கு முன்னே பின்னே ஒரு மணி நேரம் ஆனால் பரவாயில்லை என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முட்டை எடுப்பதற்கு முன்னால் போடும் கடைசி ஊசி மட்டும் சொன்ன நிமிடத்தில் போட வேண்டும், அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். வெளியூர் போக நேர்ந்தால் சின்ன தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, ஊசியை ஒரு துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்துவிட்டால் வீண். என்னுடைய பெட்டி பரண்மேல் சும்மாதான் கிடக்கிறது, கரூர் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன்.